உருளையும் ஒரு புரோகிராம்தான்!

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "சீரியல் செட் பற்றி எழுதுகிறேன்" என்றேன். சிரித்துவிட்டார்கள். "ஏன்டா, வேலையில்லாத் திண்டாட்டம், தேசிய ஒருமைப்பாடு, இளைஞர் சக்தின்னு எவ்வளவு விஷயம் கிடக்கு... உனக்குக் கல்யாண வீட்டு லைட்டுதான் கிடைச்சுதா?" என்றான் மெக்கானிக்கல் நண்பன் ஒருவன். நான் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: "நம்ம ஊர்ல வருஷத்துல எத்தனை நாள் எங்கேயுமே சீரியல் எரியாம இருக்கு, சொல்லு பார்ப்போம்?" விரலை மடக்க ஆரம்பித்தான். இன்னும் முடிக்கவில்லை.

உண்மைதானே! ஆனி மாதம் அம்மையாரின் மாங்கனித் திருவிழா. மஸ்தான் சாகிப் தர்காவில் கந்தூரி. தேற்றரவு அன்னை ஆலயத் திருவிழா. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி என்றால் கேட்கவே வேண்டாம். வாஞ்சூரைத் தாண்டினால் (வாஞ்சூர் என்றதும் வேறு எதையும் நினைத்துவிடாதீர்கள்!) நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்கள், அதற்கும் தெற்கே செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி. இதற்கு நடுவில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம். கிழக்கே கடலும் மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடுமாக இருக்கும் இந்தச் சின்ன ஊரில் விளக்குக் கட்டுவதை நம்பி எத்தனை குடும்பங்கள் அடுப்பு எரிக்கின்றன என்று நாம் யாராவது யோசித்தது உண்டா?

நான் சொல்ல வந்தது இதுதான். பல்பு மாறிவிட்டது, அது நல்லதுதான். ஆனால் பல்பு மாறியபோது கூடவே மூளையும் மாறிவிட்டது. முன்பு அந்த மூளை நம் ஊர் ஆசாமியின் கையில் இருந்தது. இப்போது அது உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி ஒட்டப்பட்டு எங்கிருந்தோ வருகிறது. அதைத் திரும்ப வாங்கும் படிப்பு நம்மிடம் இருக்கிறது. நாம்தான் அதைப் பயன்படுத்தவில்லை.

முதலில் பழைய மூளையைப் பார்ப்போம். ஒரு முழ நீள மர உருளை. "ரோலர்" என்றும் சொல்வார்கள். அதன் மேல் பித்தளைத் தகடுகளை வெட்டி ஆணி அடித்திருப்பார்கள். ஓரத்தில் முழு வளையமாக ஒரு தகடு. கரண்ட் அதில்தான் வரும். மற்ற தகடுகள் எல்லாம் அதோடு சேர்ந்திருக்கும். எதிரே வரிசையாகப் பித்தளை நாக்குகள், ஒவ்வொரு நாக்கிலிருந்தும் ஒவ்வொரு பல்பு வரிசைக்கு ஒரு ஒயர். சின்ன மோட்டார், ஒரு பெல்ட். உருளை சுற்றச் சுற்ற, எந்த நாக்கின் அடியில் தகடு வருகிறதோ அந்த வரிசை எரியும். தகடு முடிந்தால் அணையும். மயில் தோகை விரிப்பதும், தாமரை மலர்வதும், சக்கரம் சுற்றுவதும் இப்படித்தான். இருட்டில் பக்கத்தில் போய் நின்றால் நாக்குகளில் நீலப் பொறி பறக்கும், ஒரு மாதிரி கருகல் வாசனை வரும். சிறு வயதில் சாமி பார்க்கப் போய் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்று அடி வாங்கியவன் நான்.

இப்போது நம் மைக்ரோகன்ட்ரோலர் லேபை நினைத்துப் பாருங்கள். 8051-ஐ வைத்து டிராஃபிக் லைட் பரிசோதனை செய்தோமே, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு மறந்தோமே, அதுவேதான் இது! நாக்கு என்பது அவுட்புட் பின். தகட்டின் நீளம் எரியும் நேரம். மோட்டாரின் வேகம் டிலே. ஒரு முழுச் சுற்று என்பது லூப். எட்டு வரிசைத் தகடுகள் எட்டு பிட். புதுப் படம் வேண்டுமா? தகட்டைப் பிடுங்கி வேறு இடத்தில் அடி. அதாவது, மரத்தில் ஆணி அடித்து புரோகிராம் எழுதியவர்கள் நம் ஊரில் இருந்தார்கள். அவர்களை நாம் "சீரியல் செட்காரர்" என்று கூப்பிட்டோம். அவர்களும் தங்களை அப்படியேதான் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த பல்புகளிலும் படிப்பு இருந்தது. 6 வோல்ட் பல்பை 230 வோல்ட்டில் எரிக்க வேண்டுமென்றால் சுமார் 38, 40 பல்புகளை வரிசையாகக் கோர்க்க வேண்டும். ஒன்று போனால் மொத்தமும் போச்சு. ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் செத்த பல்பைக் கண்டுபிடிப்பதே ஒரு தனி வித்தை. ஒரு பல்பு 0.1 ஆம்பியர் எடுக்கும் என்று வைத்தால் அந்தச் சரத்துக்கு 23 வாட். அதே நாற்பதை எல்.இ.டி.யாகப் போட்டால், 3 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் வீதம், 2.4 வாட்தான் வருகிறது. பத்தில் ஒரு பங்கு! சூடும் இல்லை. சிவப்பும் பச்சையும் அறுபது எழுபதுகளிலிருந்தே இருந்தன. நல்ல பிரகாசமான நீலம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. ஜப்பானில் ஷூஜி நகமுரா 1993-ல் அதைக் கொண்டுவந்தார். இசாமு அகசாகி, ஹிரோஷி அமனோ ஆகியோருடன் அவருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் வந்த பிறகுதான் மூன்று நிறமும் சேர்ந்து எந்த நிறம் வேண்டுமானாலும் என்றானது.

அடுத்து வந்தது இன்னும் பெரிய வேடிக்கை. ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் ஒரு குட்டிச் சில்லு. டபிள்யூ.எஸ். 2811, 2812 என்று கடைகளில் கேட்டிருப்பீர்கள். 'பிக்சல் லைட்' என்கிறோமே, அதுதான். இதில் எட்டு வரிசைக்கு எட்டு ஒயர் கிடையாது. பிளஸ், மைனஸ், டேட்டா என்று மூன்றே ஒயர். கன்ட்ரோலர் அனுப்பும் பிட்டுகளில் முதல் 24-ஐ முதல் விளக்கு எடுத்துக்கொள்ளும்: பச்சைக்கு 8, சிவப்புக்கு 8, நீலத்துக்கு 8. மீதியை அப்படியே அடுத்த விளக்குக்குத் தள்ளிவிடும். அடுத்தது தனக்கு 24 எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளும். அன்னதானப் பந்தியில் இலைக்கட்டைத் தள்ளிவிடுவது போலத்தான்; தனக்கு ஒரு இலை, மீதி பக்கத்து ஆளுக்கு! ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ செகண்ட். ஒரு விளக்குக்கு 30. ஆயிரம் விளக்கு என்றால் 30 மில்லி செகண்ட், அதாவது ஒரு செகண்டில் சுமார் 33 முறை மொத்தப் படத்தையும் மாற்றலாம். சினிமாவுக்கே 24 தான்.

ஆனால் நம் தெருவில் என்ன பார்க்கிறோம்? ஓடும், மின்னும், மங்கும், மறுபடி ஓடும். எட்டு வகை. டப்பாவில் ஒரே பட்டன். அமுக்கினால் அடுத்த வகை. மாங்கனிக்கும் அதே எட்டு, கந்தூரிக்கும் அதே எட்டு, கிறிஸ்துமஸுக்கும் அதே எட்டு. பிக்சல் போர்டு வாங்கினாலும் ஏற்கனவே ஏற்றி வைத்த மெமரி கார்டுதான். யாரோ எங்கோ வரைந்த மயில். அம்மையார் கதைக்கு ஊரே திரள்கிறது. பிட்சாடனர் ஊர்வலத்தில் மொட்டை மாடியிலிருந்து மாம்பழம் வந்து விழுகிறது. அந்த மாம்பழம் ஒரு விளக்குப் போர்டில் ஒழுங்காக வந்து நான் பார்த்ததில்லை. புனிதவதியார் கையில் மாங்கனி வந்து, கணவன் கைக்குப் போனதும் மறைய வேண்டும். இந்த ஒரு காட்சிக்கு மெமரி கார்டு விற்பவரிடம் படம் கிடைக்குமா? அவருக்கு நம் அம்மையாரைத் தெரியுமா?

நண்பர்களே, இங்கே கொஞ்சம் வங்காளத்துக்குப் போய்வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம்: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர். நம்மோடு பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த ஐந்தாவது ஊர். நாம் 1954 நவம்பர் 1-ல் வந்தோம். அவர்கள் 1949-ல் ஓட்டுப் போட்டு முடிவு செய்து 1950 மே 2-லேயே வந்துவிட்டார்கள், பிறகு மேற்கு வங்கத்தோடு சேர்ந்தார்கள். ஹூக்ளி நதிக்கரையில் இருக்கும் அந்த ஊரை இப்போது சந்தன்நகர் என்கிறார்கள். கொல்கத்தாவில் துர்கா பூஜைக்கு விளக்கு என்றால் அந்த ஊர்தான் ஞாபகத்துக்கு வரும். அவர்களுடைய சொந்தத் திருவிழா ஜகத்தாத்ரி பூஜை. கடைசி நாள் ராத்திரி லாரி லாரியாக விளக்குப் படங்கள் ஊர்வலம் போகும். அங்கேயும் ஆரம்பத்தில் குட்டி பல்பும் சுழலும் உருளையும்தான். ஸ்ரீதர் தாஸ் போன்ற கலைஞர்கள் அந்த வேலையை வெளிநாட்டு விழாக்கள் வரைக்கும் கொண்டுபோனார்கள். எல்.இ.டி. வந்தபோது அவர்களும் அதற்கு மாறினார்கள். ஆனால் தொழில் டப்பாவுக்குள் போகவில்லை, ஊரிலேயே நின்றது. அந்த வருஷம் நாட்டில் எது பேச்சோ அது அவர்கள் விளக்கில் வந்துவிடும்.

அவர்களிடம் இருப்பது நம்மிடம் என்ன இல்லை? திருவிழாவா? கடலும் ஆறுமா? பிரெஞ்சுக்காரன் போட்ட நேர்த் தெருக்களா? எல்லாம் இருக்கிறது. பாலிடெக்னிக்கே இருக்கிறது. உருளை அடித்தவரும் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவனும் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

நான் இதை வெளியே நின்று பேசவில்லை. நாங்கள் ஐந்து பேர் ஒரு தெருவின் திருவிழாப் பந்தலுக்கு மாம்பழப் போர்டு செய்தோம். 200 பிக்சல். வெள்ளையில் முழுப் பிரகாசம் என்றால் ஒன்றுக்கு 60 மில்லி ஆம்பியர், மொத்தம் 12 ஆம்பியர், 5 வோல்ட்டில் 60 வாட். மஞ்சளும் பச்சையும்தான் என்பதால் அவ்வளவு வராது. முதலில் ஆர்டுயினோ ஊனோ போடலாம் என்றோம். 2 கிலோபைட் மெமரி. விளக்குக்கு 3 பைட். 200-க்குப் போதும், ஆனால் அடுத்த வருஷம் ஆயிரம் என்றால் 3000 பைட், தாங்காது. எனவே ஈ.எஸ்.பி. 32. அது கொடுப்பது 3.3 வோல்ட் சிக்னல், விளக்குக்கு வேண்டியது 5 வோல்ட் சிக்னல் என்பதால் நடுவில் ஒரு 74எச்.சி.டி. 125. எல்லாம் லேபில் அற்புதமாக வேலை செய்தது. ஃபேகல்டி சார் முதுகில் தட்டினார். ஐந்து பேரும் கேன்டீனில் டீ வாங்கிக் குடித்தோம்.

பந்தலில் ஏற்றி ஸ்விட்சைப் போட்டால்... மாம்பழம் ஊதா நிறத்தில் துள்ளுகிறது! கண்டபடி மின்னுகிறது. கீழே கூட்டம். ஒரு பாட்டி, "இது என்ன கத்தரிக்காயா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனது. கோடை முழுக்கச் செய்த வேலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து கோடிங்கை மாற்றி மாற்றி ஏற்றிப் பார்க்கிறோம், ஒன்றும் நடக்கவில்லை.

அந்தப் பந்தலுக்கு மற்ற லைட் கட்டியிருந்த அண்ணன், ஐம்பது வயது தாண்டியவர், பீடியை அணைத்துவிட்டு வந்தார். பத்தாவது கூட முடிக்காதவர். ஒயரைத் தொட்டுக்கொண்டே போனார். பிறகு கேட்டார்:

"தம்பி, இந்தப் பெட்டிக்கு எங்கேருந்து கரண்ட்?"

"செல்போன் சார்ஜர்லேருந்து அண்ணே."

"லைட்டுக்கு?"

"அது தனி பவர் சப்ளை."

"ரெண்டு மைனஸும் ஒண்ணா சேர்ந்திருக்கா?"

சேரவில்லை! லேபில் இரண்டையும் ஒரே சப்ளையில் கொடுத்திருந்தோம். பந்தலில் வசதிக்காகப் பிரித்தபோது கிரவுண்டை இணைக்க மறந்துவிட்டோம். "ஒருத்தன் சொல்றது இன்னொருத்தனுக்குப் புரியணும்னா ரெண்டு பேரும் ஒரே தரையில நிக்கணும்ல" என்றார். நான் நெட்வொர்க் தியரியில் 78 வாங்கியவன். அரை அடி ஒயரில் பிரச்சினை தீர்ந்தது.

அதோடு விடவில்லை. போர்டின் கடைசிப் பக்கம் வெள்ளை எழுத்து மட்டும் செம்மஞ்சளாகத் தெரிந்தது. "தூரமா போனா கரண்ட் களைச்சுப் போயிடும், நடுவுல ஒரு லைன் கொடு" என்றார். வோல்ட்டேஜ் டிராப்! 5 வோல்ட் இறங்க இறங்க, அதிக வோல்ட்டேஜ் கேட்கும் நீலமும் பச்சையும் முதலில் மங்கும், சிவப்பு நிற்கும். இதைப் புத்தகத்தில் படித்து எழுதிப் பாஸும் பண்ணியிருக்கிறோம். 12 வோல்ட் பேட்டரியில் தேருக்கு லைட் கட்டிய காலத்தில் அவர் கண்ணால் கற்றுக்கொண்டது அது. இன்னொன்றும் சொன்னார்: "இது உப்புக் காத்து ஊரு. சும்மா முறுக்கி டேப்பு சுத்தினா மூணு மாசத்துல பச்சை பூத்துரும். ஈயம் வை. ஒயரை நேரா பெட்டிக்குள்ள விடாதே, கீழ ஒரு வளைவு வளைச்சு மேல ஏத்து. தண்ணி வளைவுலயே சொட்டிரும்." எந்த செமஸ்டரில் சொல்லிக் கொடுத்தார்கள் இதை?

ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று எங்களுக்குத் தெரிந்தது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். அவர் வாங்கி வைத்திருந்த எட்டு வகை டப்பா ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே என்ன? ஒரு கெப்பாசிட்டர், சில டயோடு, கறுப்புப் பொட்டு போல ஒரு சில்லு, நான்கு சிறிய எஸ்.சி.ஆர். டிரான்ஸ்ஃபார்மர்? இல்லவே இல்லை! அதாவது, சரம் முழுக்க வீட்டு மெயினோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. எல்.இ.டி. என்றால் 3 வோல்ட், ஷாக் அடிக்காது என்று எல்லோரும் நம்புகிறோம். ஒரு விளக்குக்கு 3 வோல்ட், சரி. அந்த ஒயருக்கும் ஈரத் தரையில் நிற்கும் உங்கள் காலுக்கும் இடையே 230 வோல்ட் வரக்கூடும். தலைமுடி கனமுள்ள ஒயர், தோல் உரிந்தால் கதை முடிந்தது. இதைத்தான் நாம் ஐப்பசி கார்த்திகை மழையில் வாசல் கிரில்லிலும், துளசி மாடத்திலும், குடிலிலும் சுற்றி வைக்கிறோம். குழந்தைகள் எட்டிப் பிடித்து விளையாடுகின்றன.

அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. "பழைய பல்புன்னா பயந்து பயந்து கட்டுவோம்பா. இது எல்.இ.டி.தானேன்னு இப்ப வெறுங்கையால கட்டுறோம்" என்றார்.

2022 ஏப்ரல் 27 விடியற்காலை. நம்மிடமிருந்து அதிக தூரமில்லாத தஞ்சை அருகே களிமேடு. அப்பர் சதய விழாவில் அலங்கரித்து வந்த தேரின் உச்சி, மேலே சென்ற உயரழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் போனார்கள், சிறுவர்களும் அதில் உண்டு. அங்கே கொன்றது சீரியல் விளக்கு அல்ல, மேலே போன லைன். ஆனால் அலங்காரத்தின் உயரம் என்ன, கம்பியின் உயரம் என்ன, லைன் நிறுத்தப்பட்டதா என்று கேட்க வேண்டிய ஆள் யார்? எலெக்ட்ரிகல் படித்தவன்தானே? நம் ஊர்த் திருவிழாவில் அப்படிக் கேட்க நம்மில் ஒருவனாவது போய் நிற்கிறோமா? கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கப் போகிறோம். நானும் எடுத்தவன்தான், மறைக்கவில்லை.

சிலர் கேட்கலாம்: "டபிள்யூ.எல்.இ.டி. மாதிரி இலவச மென்பொருளே இருக்கு, செல்போன்லயே நூறு டிசைன் வருது, நீ என்னத்தை எழுதப் போற?" நியாயம். நானும் அதைப் போட்டுப் பார்த்தேன், அருமையாக இருக்கிறது. மூலக் கோடிங்கையே திறந்து வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து தொடங்குங்கள், யார் வேண்டாம் என்றது? மூடி ஒட்டிய டப்பாவுக்கும் இதற்கும் வித்தியாசம் அதுதான். இதைத் திறந்து நம் மாம்பழத்தை உள்ளே வைக்கலாம். "அப்புறம் அண்ணன்மார் பிழைப்பு என்னாவது, நீங்களே பிடுங்கிக்குவீங்களா?" என்று இன்னொருவன் கேட்டான். இந்தக் கேள்வி கொஞ்சம் குத்தத்தான் செய்கிறது. டிப்ளமோ முடித்து ஏணியில் ஏறப்போகிறவன் நம்மில் எத்தனை பேர்? நாம் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுவோம். ஊரில் இருக்கப் போவது அவர்தான். புரோகிராமை மாற்றும் வித்தை அவர் கையில் போய்ச் சேர வேண்டும். தகட்டைப் பிடுங்கி அடித்த கைக்கு, ஒரு அட்டவணையில் எண்ணை மாற்றுவது பெரிய காரியமா? போர்டு செய்த பத்தாவது நாளே மாம்பழத்தின் வேகத்தை அவரே குறைத்துவிட்டார். "இவ்வளவு அவசரமா விழுந்தா சாமிக்கு எப்படிப் பிடிக்க நேரம் இருக்கும்?" என்பது அவர் கட்சி.

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. ஆனி மாதத்துக்கு முன்னால் இரண்டு சனிக்கிழமை லேபைத் திறந்து வைக்க அனுமதி வாங்கிக் கொடுங்கள். நம் ஊரில், நிரவியில், திருமலைராயன்பட்டினத்தில், கோட்டுச்சேரியில், நெடுங்காட்டில் லைட் கட்டுகிறவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் சரங்களைக் கொண்டுவரட்டும். மெக்கரை வைத்து இன்சுலேஷன் பார்த்துக் கொடுப்போம், காசு வேண்டாம். மெயினில் நேராக ஓடும் டப்பாவைக் கழற்றிவிட்டு, தனித்த 12 வோல்ட் சப்ளைக்கு மாறுவது எப்படி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டால் என்ன ஆகும் என்று செய்து காட்டுவோம். கம்பத்தில் கொக்கி போடுகிறவரையும் கூப்பிடுங்கள், திட்டாமல். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு வெளியூரில் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கும் பழக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதில் இதைச் செய்தால் வைவாவில் வாயாவது திறக்கலாம்.

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கொல்லைக் கொட்டகையில் பழைய உருளை கிடந்தது. எட்டு வரிசைத் தகடு, அதில் மூன்று கழன்றுவிட்டது. "இரும்புக் கடைக்குப் போடலாம்னு இருந்தேன், வேணும்னா எடுத்துக்கிட்டுப் போ" என்றார். சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்தோம். இப்போது நம் மைக்ரோகன்ட்ரோலர் லேபில் ஜன்னல் ஓரம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். மோட்டார் இன்னும் ஓடுகிறது. பெல்ட் மட்டும் மாற்ற வேண்டும்.